திருமலையில் ஒரு பறுவ நாள்

யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் என்று கிழக்குக் கரையோரமாகவே இறங்கிப் போவதாக நாங்கள் போட்டிருந்த ஆறு நாள் கணக்கில் ஓய்வுக்கென்று ஒரு நாளும் இருக்கவில்லை. வவுனியா வரை ஏ9 வீதி, அங்கிருந்து ஹொரவப்பொத்தானை வழியாகத் திருமலை என்கிற திருகோணமலை. பின்னேரம் நான்கு மணிக்கு வந்திருக்க வேண்டியவர்கள், சின்னவனின் வாந்தியாலும் அம்மாவின் தேநீர்த் தரிப்புகளாலும் இரவு எட்டு மணிக்குத்தான் வந்து சேர்ந்தோம். அதற்குப் பிறகு உப்புவெளியில் வண்ண விளக்குகள் தொங்கிய ஓர் உணவகத்தில் ஒன்றேகால் மணிநேரம் காத்திருந்து, ஆறிப்போன ஃபிரைட் ரைஸ் சாப்பிட்டோம். மகள் மேசையிலேயே நித்திரையாகிவிட்டாள். மறுநாள் காலை ஏழு மணிக்குப் பைகளோடு வெளியே வந்தபோது, வான்கார அண்ணை சறத்தோடு படியில் உட்கார்ந்திருந்தார்.

“டயருக்கு மட்டும் காத்துப் பாத்தாப் போதுமே தம்பி? என்ர முதுகையும் ஒருக்காப் பாக்க வேணாமே?”

அதற்குமேல் கதைக்க ஒன்றுமில்லை. பைகள் மறுபடி அறைக்குள் போயின.

வாகனம் அன்று அசையாது என்றானதும், அதுவரை யாரிடமும் இல்லாத ஆசைகளெல்லாம் எல்லோரிடமும் முளைத்தன. மனைவி நிலாவெளி என்றாள். பிள்ளைகள் புறாமலைத் தீவு என்றார்கள். அம்மா கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளையும் கோணேசர் கோயிலையும் சேர்த்தே கேட்டார். யூலை மாதப் பறுவம், அதாவது முழுநிலாப் போயா விடுமுறை என்பதால் தெற்கிலிருந்து வந்த பேருந்துகள் காலையிலேயே வீதியை நிறைத்திருந்தன. கன்னியாவில் ஒரு வாளித் தண்ணீருக்கு வரிசையில் நிற்க எனக்கு மனமில்லை. ஓட்டோவில் பத்து நிமிடத்துக்குள் போகக்கூடிய ஓர் இடம் மட்டுமே என்று சொன்னேன். அம்மா வென்றார்.

பிரெட்ரிக் கோட்டையின் வாயிலைக் கடந்துதான் கோணேசர் மலைக்கு ஏறவேண்டும். சம்பந்தர் பாடிய பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே 1624 இல் கட்டிய கோட்டை அது. வாயிற்கல்லில் செதுக்கியிருக்கும் இணைக்கயல்களையும் சிதைந்த தமிழெழுத்துகளையும் நின்று பார்ப்பவர்கள் குறைவு. அன்றும் கூட்டம் அவற்றை உரசிக்கொண்டே போயிற்று. நாங்கள் நின்றோம். மகள் விரலால் ஒரு மீனின் முதுகைத் தடவி, “கோயிலை இடிச்சவை இந்தக் கல்லை மட்டும் ஏன் வைச்சவை?” என்று கேட்டாள். பிந்திய நாளில் கிணறு தோண்டும்போது மண்ணுக்குள்ளிருந்து வெண்கலத் திருமேனிகள் வெளிப்பட்ட 1950 ஆம் ஆண்டுக் கதையையும், 1963 இல் நடந்த குடமுழுக்கையும் அம்மாதான் அவளுக்குச் சொல்லிக்கொண்டு ஏறினார். அவள் கேட்ட கேள்விக்கு அது பதிலில்லை. ஆனாலும் ஏற்றம் முடியும்வரை போதுமானதாக இருந்தது.

இறங்கும் வழியில் கச்சான் கடலை வாங்கினோம். யாழ்ப்பாணத்தில் நாங்கள் சோளகம் என்று சொல்லும் காற்றுக் காலத்தில், இங்கே கச்சான் காற்று என்று பேசிக்கொள்கிறார்கள். கச்சான் காற்றில் கச்சான் கொறிப்பது எனக்குச் சிரிப்பாக இருந்தது, மற்றவர்களுக்கு இல்லை. கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்களில் ஒன்று மகனின் அருகே வந்து, கச்சானை விட்டுவிட்டுக் கடதாசிச் சுருளை மட்டும் இழுத்தெடுத்தது. ஈரமான மூக்கைச் சுளித்து, பழைய பத்திரிகையின் மரண அறிவித்தல் பக்கத்தை அது நிதானமாக மென்று முடிக்கும்வரை அவன் மூச்சுவிடாமல் நின்றான்.

மத்தியானம் முழுவதும் படுத்துக் கிடந்தோம்.

வான்கார அண்ணையோ, பின்னேரம் நாலு மணிக்குள் வாகனத்தைக் கழுவி, சலூனுக்குப் போய் முகம் வழித்து, இரவுச் சாப்பாட்டுக்கு இடமும் பார்த்து வைத்திருந்தார். சலூன்காரரிடம் அவர், “வெள்ளைக்காரர் சாப்பிடுற கடை வேணாம், நீர் எங்க சாப்பிடுறனீர்?” என்று கேட்டாராம். கடற்கரை வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒழுங்கையில், பெயர்ப்பலகையின் எழுத்துகள் பாதி உதிர்ந்த ஒரு முஸ்லிம் கடை. நான்கு மேசைகள். வாசலிலேயே கொத்துத் தட்டும் இரும்புத் தகடு, அதன் பின்னால் கடைக்கார நானா.

நான் உட்காரும் முன்பே நண்டுக்கறி கேட்டேன்.

“இண்டைக்கு வேணாம் தம்பி. பறுவத்துல ஓடுதான் கனம், உள்ள சதை இரிக்காது. கணவாய் நல்லா இரிக்கி.”

விற்கக்கூடிய நண்டு கூடையில் கிடக்க, வேண்டாமென்று சொல்லும் கடைக்காரரை நான் அதிகம் கண்டதில்லை. அம்மா, கோயிலுக்குப் போன நாளில் மச்சம் தொடமாட்டேன் என்று சைவக் கடையில் இடியாப்பமும் சொதியும் கட்டுவித்துக் கையோடு கொண்டுவந்திருந்தார். அதை அந்த மேசையில் பிரிக்கலாமா என்று நான் தயங்கிக் கேட்டபோது, நானா பதில் சொல்லாமல் பின்பக்கம் போய், வாழையிலை ஒன்றை வெட்டிக் கழுவிக்கொண்டுவந்து அம்மாவின் முன்னால் விரித்தார். “எங்கட சம்பலில மாசிக் கருவாடு கிடக்கு, உங்களுக்கு வேற இடிச்சித் தாறன் அம்மா” என்றார், இடித்தும் தந்தார். உரலிலிருந்து நேரே வந்த அந்தச் சம்பலில் தேங்காய்ப்பூ இன்னும் ஈரமாகவும், செத்தல் மிளகாய் ஒன்றிரண்டாகவும், தேசிப்புளி கடைசியில் பிழிந்ததாகவும் இருந்தது. மாசியில்லாத அதையே நாங்களும் இரண்டாம் முறை கேட்டு வாங்கினோம்.

கணவாய் எளிதில் கெட்டுவிடும் கறி. ஒரு நிமிடம் கூடினால் றப்பர். நானா மசாலாவையும் பாலையும் முதலில் வற்றவிட்டு, வளையங்களைக் கடைசியில்தான் போட்டார்; கறுப்புக்குக் கிட்டிய சிவப்பில் ஒட்டிப்பிடித்த குழம்போடு, பல்லில் மெல்லியதாய் எதிர்த்துப் பின் விட்டுக்கொடுத்தது. பிள்ளைகளுக்குத் தகடு தாளம் போட்ட கொத்து ரொட்டி. வான்கார அண்ணை வேறு மேசையில் இருக்கப் பார்த்தார், அம்மா விடவில்லை. அவர் மூன்று பராட்டாவோடு பாரைமீன் பொரியலையும் முடித்து, இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டீயை ஊதிக்கொண்டே மறுநாட் கணக்கைத் தொடங்கினார்.

“விடிய ஐஞ்சரைக்கு வெளிக்கிட்டால் வெயிலுக்கு முன்னம் வாகரை தாண்டலாம்.” பிறகு, என்னைப் பாராமல் அம்மாவிடம், “வெருகல் முருகனடியில ஒருக்கா நிப்பாட்டுறதோ?” என்றார்.

அம்மா இலையை மடித்துக்கொண்டே தலையாட்டினார். நான் பத்து நிமிடம் மட்டும் என்றேன். இருவரும் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.