காசு கொடுத்துப் பார்த்த இலை

எங்கள் பின்வளவில் விழுகிற இலை முழுவதும் பக்கத்து வீட்டு மேப்பிள் மரத்தினுடையது. மரம் அவர்களுக்கு, குப்பை எங்களுக்கு. ஒக்டோபர் பிறந்தால் நான் குனிந்து குனிந்து கடதாசிப் பைகளில் அள்ளுவேன். அவர்கள் கோப்பியும் கையுமாக நின்று கை காட்டுவார்கள். சனிக்கிழமை மட்டும் பதினொரு பை. அப்படி இடுப்பொடிந்து படுத்தவனை ஞாயிறு காலை எழுப்பி, "வாங்கோ, இலை பாக்கப் போவம்" என்றால் எப்படி இருக்கும்?

சொன்னது மனைவி. கனடாவின் தாங்ஸ்கிவிங் லோங் வீக்கென்ட். சொந்தக்காரர் எல்லாரும் இலையுதிருக்குச் சிவந்த மரத்துக்கு முன்னால் நின்று வட்ஸப்பில் படம் போட்டாயிற்று, நாங்கள்தான் பாக்கி. அல்கோன்குவின் பூங்கா தூரம். மில்டன் பக்கம், காட்டுக்குள் ஒளிந்துகிடக்கிற கிரோஃபோர்ட் லேக் என்றால் சுற்றிவர ஒன்றரைக் கிலோமீட்டர்கூட வராது, அம்மாவும் நடப்பா என்று பத்து மணிக்குப் பதிவும் செய்துவிட்டாள்.

பத்து மணிக்கு நாங்கள் ஸ்காபரோவில், சித்தப்பாவுக்காகக் காத்துக்கொண்டிருந்தோம். அவர் வந்தார், சித்தி வந்தா, கடலை வடை வந்தது, சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணி வந்தது. அம்மா சேலைக்கு மேல் என்னுடைய பழைய பனிக்கால ஜாக்கெட், அதற்கு மேல் சால்வை, தலையில் கம்பளித் தொப்பி. வெளியில் 12 பாகை. வட துருவத்துக்குப் போகிறவர்கள்கூட இவ்வளவு போட்டிருக்க மாட்டார்கள். ஃபோர் ஓ வன் நெடுஞ்சாலை நெரிசல் பற்றி நான் எழுதப்போவதில்லை, எழுதினால் பதிவு அங்கேயே நின்றுவிடும்.

போய்ச் சேர்ந்து, கார் தரிப்பிடத்திலிருந்து காட்டு வழியாக இறங்கி, ஏரியைச் சுற்றிப் போட்ட பலகை நடைபாதையில் ஏறினோம். அம்மா நாலாபக்கமும் பார்த்தா. கரையோரம் முழுக்கச் சீடர் மரங்கள். பச்சை.

"எங்க தம்பி சிவப்பு?"

"அங்க, மேல தெரியுது பாருங்கோ."

"அதைவிட எங்கட வீட்டுப் பின்னுக்கு நல்லாத் தெரியுமே. அங்க நீ கூட்டக் கூட்டப் பேசிறாய், இஞ்ச வந்து காசு குடுக்கிறாய்."

பதில் சொல்ல ஆளில்லை. அப்போதுதான் மகன் புகுந்தான். பள்ளிக்கூடத்தில் இந்த ஏரியைப் பற்றிப் படித்தானாம். சின்னக் குளம்தான், ஆனால் 20 மீட்டருக்கு மேல் ஆழமாம். அடித்தண்ணி மேல்தண்ணியோடு கலக்காதாம். அதனால் அடிச்சேறு கலையாமல் வருஷத்துக்கு ஒரு படையாகப் படிந்திருக்கிறது. கோடையில் வெள்ளைக் கோடு, இலையுதிரில் கறுப்புக் கோடு. 1950களில் வெடித்துப் பார்த்த அணுகுண்டுகளின் புளூட்டோனியம்கூட அதற்குள் இருக்கிறது. மனிதன் பூமியை மாற்றிப்போட்ட காலத்துக்கு அடையாளமாக, உலகத்தில் எத்தனையோ இடங்களை விட்டு இந்தக் குளத்தைத்தான் 2023இல் விஞ்ஞானிகள் தெரிந்தெடுத்தார்கள். அடுத்த வருஷம் வேறொரு குழு வாக்கெடுத்து, அப்படி ஒரு காலமே வேண்டாம் என்றுவிட்டது. 12க்கு 4.

வாக்கு என்ற சொல் காதில் விழுந்ததும் சித்தப்பா நிமிர்ந்துவிட்டார். இரண்டு வருஷத்துக்கு முன் பழைய மாணவர் சங்கத் தேர்தலில் தோற்றவர். "உள்ளுக்க ஆக்களைப் பிடிச்சு வைச்சிருப்பாங்கள்" என்று தொடங்கி, அரைக் குளம் சுற்றுமட்டும் பொருளாளர், வாக்குப் பெட்டி, யாரோ ஒருவரின் மச்சான் என்று போய்க்கொண்டே இருந்தார். அவ்வளவு அமைதியான இடம். எதிரே வந்த வெள்ளைக்காரச் சோடி எங்களைப் பார்த்ததும் தங்கள் பேச்சையும் குறைத்துக்கொண்டது.

வாங்கில் இருந்து வடைப் பெட்டியைத் திறந்தோம். அம்மா இருக்கவில்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றா.

"அப்பு, எல்லா வருஷமும் இருக்குமோ அதுக்குள்ள?"

"ஓம் அப்பம்மா, எல்லாம் இருக்கு."

"தொண்ணூற்றைஞ்சு?"

"ஓம். எண்ணி எடுக்கலாம்."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அது ஒக்டோபர் முடிய, யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட நேரம். அப்ப இஞ்சயும் இலை விழுந்துகொண்டுதான் இருந்திருக்கும், என்ன?" என்றா.

சித்தப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சித்தி ஒரு கடலை வடையை எடுத்து அதற்குள் வைத்தா.

வடைத்தூள் பலகையில் கொட்டியது. அம்மா அவ்வளவு உடுப்போடும் குனிந்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சால்வைத் தலைப்பில் போட்டுக்கொண்டா.

"விடுங்கோ அம்மா, குருவி தின்னும்."

"குளத்துக்க விழுந்தா? பிறகு இதுவுமெல்லோ இருக்கும்."