கல்லுக்கு நான் இருந்தேன்

காவேரிப்பட்டணம் பக்கம், தென்பெண்ணைக் கரை மேட்டில் எரிவாயுக் குழாய்க்குப் பள்ளம் எடுத்தபோது, பாதையை விலக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தவன் நான். அது சரியான முடிவுதான் என்று இன்றும் யாரிடமும் சொல்வேன். சொல்லி வாய் மூடுவதற்குள் அந்த அம்மா கேட்டது ஞாபகத்துக்கு வந்துவிடும்.

ஹிட்டாச்சி மேல்மண்ணை வழிக்கும்போது, பழங்காலத் தடயம் ஏதாவது வருகிறதா என்று பக்கெட்டையும் குவித்த மண்ணையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் என் வேலை. அங்கே முதலில் வந்தவை பானை ஓடுகள். வெளியே சிவப்பு, உள்ளேயும் விளிம்பிலும் கறுப்பு. பானையைக் கவிழ்த்து வைத்துச் சுடும்போது உள்பக்கம் காற்றுப் படாமல் அப்படிக் கறுத்துப்போகும். ஆபரேட்டரைக் கை காட்டி நிறுத்திவிட்டு இறங்கி, கரணையால் பள்ளத்தின் சுவரைச் சுரண்டினேன். பலகைக்கல் ஒன்று செங்குத்தாக நின்றது. மேலே ஏறிப் பார்த்தால் முள்ளுக்குள் உருண்டைக் கற்கள், பாதி வட்டம். பழங்காலத்தில் இறந்தவர்களைப் புதைத்த இடத்தைச் சுற்றி வைக்கும் கல்வட்டம். மீதியை வரப்புக்கு எடுத்திருப்பார்கள்.

அது பாதுகாக்கப்பட்ட சின்னம் கிடையாது. 100 மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்டக்கூடாது என்ற சட்டம் அறிவிக்கப்பட்ட சின்னங்களுக்குத்தான். இந்தக் கல்வட்டத்துக்கு என் குறிப்பைத் தவிர வேறு காவல் இல்லை. எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள். ஆற்றுப் பக்கம் விலக்கினால் கரை மண் நிற்காது என்று பொறியாளர்கள் சொன்னதால் பாதை மறுபக்கம் போனது. அங்கே அந்த அம்மாவின் பெங்களூரா மாமரங்கள், காய்த்துக்கொண்டிருந்தவை.

மரம் அறுக்கிற அன்று நான் அங்கே இருக்க வேண்டிய அவசியமே இல்லை. போனேன்.

"நீதானா தம்பி அந்தக் கல்லைப் பார்த்துச் சொன்னது?"

"ஆமாம்மா. பணம் கொடுத்துருவாங்கம்மா."

"அது தெரியும். கல்லுக்குப் பேச நீ வந்திருக்கே. இதுக்குப் பேச யார் வந்தாங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே யாராவது வந்தார்களா என்று விசாரிப்பதுபோல்தான் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

பதில் இல்லாமல் இல்லை. பர்கூர் பக்கத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். அதுவும் தோண்டிப் பார்க்கும்வரை வெறும் கல்லும் மண்ணுமாகக் கிடந்த இடம்தான். இந்த மாவட்டத்தில் ஒரு கல்வட்டத்தைக் கலைத்தால் எதைக் கலைக்கிறோம் என்று யாருக்கும் தெரியாது. மரத்தை இன்னொரு இடத்தில் வைக்கலாம், இதை வைக்க முடியாது. இப்படியெல்லாம் எனக்குள்ளே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றும் உண்மை.

ஆனால் அவருக்கு வேறு இடம் எங்கே இருக்கிறது? 1962ஆம் ஆண்டுக் குழாய்ச் சட்டப்படி, குழாய் போகும் பட்டையில் நிலம் அவர் பேரிலேயே இருக்கும். மரம் மட்டும் வைக்கக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, வீடு கட்டக்கூடாது. கேழ்வரகு போட்டுக்கொள்ளலாம். அந்த வயதில் வருஷா வருஷம் உழுது விதைக்க முடியாது என்பதால்தானே மரம் வைத்தார்?

எந்தப் பக்கம் விலக்குவது என்று முடிவு செய்தது நான் இல்லை. கரை மண் நிற்குமா நிற்காதா என்று சொல்லும் படிப்பும் எனக்கில்லை. உடன் வேலை செய்யும் நண்பர் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்: "நம்ம வேலை மண்ணுக்குள்ளே இருக்கிறதைப் பார்க்கிறது. மண்ணுக்கு மேலே இருக்கிறதைப் பார்க்க வேற ஆள் இருக்காங்க." இருக்கிறார்கள், சரி. மரத்தை எண்ணி விலை போட வந்தவர்களை நானும் பார்த்தேன். அவர்கள் வந்தது பாதை முடிவான பிறகு.

இப்போது விலக்கச் சொல்லி எழுதும்போது, இரண்டு பக்கமும் நடந்து பார்த்து என்ன மரம், யாருடையது என்பதையும் சேர்த்து எழுதுகிறேன். தேவையில்லாததை எழுதுகிறேன் என்று ஒரு முறை திருப்பி அனுப்பினார்கள். அந்த வரிகளை எடுக்காமலே மறுபடி அனுப்பினேன். அதனால் ஒரு மரமாவது தப்பியதா என்றால், இதுவரை இல்லை.