பைப்லைன் படமும் எங்கள் கரையும்

நவம்பர் 3, ஞாயிறு

பூசை முடிந்து அண்ணன் வீட்டில் 'ஹவ் டு ப்ளோ அப் எ பைப்லைன்' பார்த்தோம். டேனியல் கோல்ட்ஹேபர் இயக்கியது, 2022-ல் டொரோன்டோ விழாவில் முதலில் காட்டினார்கள். எட்டு இளைஞர்கள் மேற்கு டெக்சாஸில் எண்ணெய்க் குழாயைத் தகர்க்கப் போகிறார்கள். வெடிமருந்து பீப்பாயைக் கட்டித் தூக்கும்போது பட்டை அறுந்து, ஒரு பெண்ணின் கால் முறிகிறது. அறுவதற்கு முன்பே அண்ணன் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "தாங்காது, தாங்காது." முப்பது வருஷம் வள்ளத்தில் வலை இழுத்த கை அது. பாரம் ஏறிய கயிற்றைப் பார்த்தாலே தெரியும்.

நவம்பர் 4, திங்கள்

இரவு விமர்சனங்களாகத் தேடிப் படித்தேன். கொள்ளைப் படம் மாதிரி விறுவிறுப்பு என்று பெரும்பாலும் பாராட்டுதான். கதை சூடு பிடிக்கும் இடத்தில் பழைய கதைக்குத் தாவுவது சிலருக்குப் பிடிக்கவில்லை. ஆட்களும் மேலோட்டமாக இருக்கிறார்களாம். எனக்கு அந்தப் பழைய கதைகள்தான் படமே. சுத்திகரிப்பு ஆலைப் பக்கம் வளர்ந்து ரத்தப் புற்றுநோய் வந்த பெண், வெப்ப அலையில் அம்மாவை இழந்த பெண், குழாய் பதிக்க நிலத்தைப் பறிகொடுத்தவன். அந்த நிலக்காரன் வந்தபோது மைனி, அண்ணன் மனைவி, கையிலிருந்த முருங்கைக்கீரையை அப்படியே வைத்துவிட்டாள். 2016-ல் எங்கள் கன்னியாகுமரி மாவட்டக் கரையில் இனயம் துறைமுகத்துக்கு மத்திய அமைச்சரவை கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்த நாளிலிருந்து, வீடு போய்விடுமோ என்று தூங்காமல் கிடந்தவள் அவள். இதை வேகத்தடை என்று எழுதியவர்களுக்கு அந்தப் பயம் வந்ததில்லை போல.

நவம்பர் 6, புதன்

படம் வெளியானபோது அமெரிக்கப் போலீஸ் அமைப்புகள் எச்சரிக்கை அறிக்கைகள் அனுப்பினவாம். அதனால் பல கட்டுரைகளும் 'இது வன்முறையைத் தூண்டுமா' என்பதிலேயே நின்றுவிட்டன. ஆண்ட்ரியாஸ் மால்ம் 2021-ல் எழுதிய மூலப் புத்தகத்தில் கதையே கிடையாது, முழுக்க வாதம். அதிலிருந்து இப்படி ஒரு த்ரில்லர் எடுத்தது பெரிய காரியம். சந்தேகமே இல்லை.

ஆனால் என் மனத்தாங்கல் வேறு. எட்டுப் பேர் மட்டும் கூடி முடிவெடுக்கிறார்கள். அந்தக் குழாயை ஒட்டி வாழும் ஊரார் ஒன்றாக உட்கார்ந்து பேசும் ஒரு காட்சி கிடையாது. இனயத்தில் ஊர் ஊராகக் கூடித்தான் எதிர்த்தோம். இடத்தைக் கோவளம்-மணக்குடிப் பக்கம் மாற்றினார்கள், அங்கேயும் மக்கள் திரண்டார்கள். கைக்குழந்தைகளோடு வெயிலில் உட்கார்ந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். வெடி வைப்பதை என்னால் ஏற்க முடியாது. அந்த எட்டுப் பேரின் கோபத்தை மட்டும் பொய் என்று சொல்ல மாட்டேன்.

நவம்பர் 9, சனி

அண்ணன் மகனுக்கு 19 வயசு. "கூட்டம் போட்டு என்ன கிடைச்சுது மாமி?" என்று கேட்டான். நான் வாய் திறக்குமுன் மைனி சொன்னாள்: "நீ இப்ப இருக்கியே, இந்த வீடு."

அவன் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அப்போது என்னென்ன நடந்தது என்று கேட்க ஆரம்பித்தான்.