திராஸ்ல ஒரு திருச்சி பேர்

ஸ்ரீநகர்ல காலைல கிளம்பி சோனமார்க் தாண்டி சோஜிலா கணவாய் ஏறி இறங்கி, லடாக்ல கார்கில் பக்கத்துல இருக்கற திராஸ் வந்து சேர மதியம் ஆயிடுச்சு, ஜூன் மாசம்தான், ஆனா அந்த காத்து ஸ்வெட்டருக்குள்ள பூந்து எலும்பைத் தொடுது.

கார்கில் போர் நினைவிடத்துக்குப் பின்னாடியே டோலோலிங் மலை. போட்டோல எத்தனை தடவை பாத்திருப்பேன், நேர்ல பாத்தப்பதான் வயித்த பிசைஞ்சுது. ஒரு மரம் கிடையாது, ஒளிய ஒரு புதர் கிடையாது, மொட்டைப் பாறையும் சரளைக் கல்லும்தான், மேல உக்காந்திருக்கறவனுக்கு ஸ்ரீநகர் லே ரோட்ல போற ஒவ்வொரு லாரியும் தெரியும். 1999 போர்ல மேல உக்காந்திருந்த பாகிஸ்தான்காரனை நம்ம ஆளுங்க கீழேர்ந்து ஏறிப் போய்தான் அடிக்க வேண்டியிருந்துச்சு. அதுவும் ராத்திரில.

பேர் பொறிச்ச சுவர்ல நான் தேடிப் போனது ஒரே பேர்தான், மேஜர் சரவணன், பீகார் ரெஜிமென்ட் முதல் பட்டாலியன். திருச்சி கண்டோன்மென்ட்ல அவர் நினைவுச்சின்னத்தைத் தாண்டித்தான் வருஷக்கணக்கா பஸ்ல போயிருக்கேன், ஒரு நாள் கூட இறங்கிப் பாத்ததில்ல. அது இன்னும் உறுத்துது.

1999 மே 29 விடியக்காலை, கார்கில் போர் நடந்த இன்னொரு பகுதியான படாலிக் செக்டார்ல 14,000 அடிக்கு மேல இருந்த எதிரி போஸ்ட்டைப் பிடிக்க தன் ஆளுங்களோட ஏறினாரு. ராக்கெட் லாஞ்சரால அடிச்சு ரெண்டு பேரை வீழ்த்தினாரு, குண்டுச் சிதறல் உடம்புல பாஞ்சும் நிக்கல, கடைசில தலையில குண்டு. 26 வயசு. சண்டை நடந்துக்கிட்டே இருந்ததால அவர் உடம்பைக் கீழ கொண்டுவர ஒரு மாசத்துக்கும் மேல ஆச்சு, வீட்ல அந்த நாளையெல்லாம் எப்படிக் கடத்தினாங்களோ. அப்புறம் போர்ல காட்டின வீரத்துக்கான வீர் சக்ரா விருது குடுத்தாங்க. திராஸ் அவ்ளோ உயரம் கூட இல்ல, அங்க கொஞ்சம் வேகமா நடந்ததுக்கே எனக்கு மூச்சு வாங்குச்சு, இவங்க ஆயுதத்தைத் தூக்கிட்டு சுட்டுக்கிட்டே ஏறியிருக்காங்க.

காவலுக்கு நின்ன ஜவான்கிட்ட எனக்குத் தெரிஞ்ச ஹிந்தில, "சரவணன் சாப் எங்க ஊர்க்காரர்"னு சொன்னேன். அவர் சட்டுனு நிமிந்து நின்னு, படாலிக் அந்தப் பக்கம்னு கிழக்கால கை காட்டினாரு. மலைக்குப் பின்னாடி மலைதான் தெரிஞ்சுது. டிரைவர் வந்து கூப்பிடற வரைக்கும் அந்தப் பக்கமே பாத்துக்கிட்டு நின்னேன்.