இரண்டு எலக்ட்ரான்களைத் தொலைத்த கதை

மாதிரித் தேர்வில் அணு, அணுக்கரு இயற்பியலுக்கு மட்டும் 50 மதிப்பெண்ணுக்கு வினாத்தாள் கொடுத்தார்கள். நான் வாங்கியது 22. சூத்திரம் தெரியாமல் போயிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். எல்லாம் தலைகீழ்ப் பாடம். விடைத்தாளை எடுத்துப் பார்த்தால், கணக்குக்குக் கணக்கு சரியான சூத்திரத்தை எழுதி அதில் தப்பான எண்ணைப் போட்டு வைத்திருக்கிறேன். பெரிய தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

ஹீலியத்தின் பிணைப்பாற்றல், அதாவது அணுக்கருவைக் கட்டி வைத்திருக்கும் ஆற்றல், அந்தக் கணக்கில்தான் முதல் அடி. அணு நிறை அலகில் புரோட்டானின் நிறை 1.007276, நியூட்ரானின் நிறை 1.008665, இரண்டிரண்டாகக் கூட்டி, ஹீலியத்தின் 4.002603-ஐக் கழித்து, நிறையை ஆற்றலாக மாற்றும் 931.5-ஆல் பெருக்கினேன். விடை 27.27 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். புத்தகத்திலோ 28.3. தசமப் புள்ளியில் பிசகு என்று நினைத்து மூன்று முறை போட்டுப் பார்த்தேன், அதே 27.27.

பக்கத்தில் இருந்த நண்பன் எட்டிப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டான்: "இந்த 4.002603 எதோட நிறைடா? அணுவோடதா, அணுக்கருவோடதா?"

அட்டவணையைப் பார்த்தேன். ஹீலியம் அணுவின் நிறை. அதாவது இரண்டு எலக்ட்ரான்களும் அதற்குள்ளேயே இருக்கின்றன. நான் கூட்டிய பக்கத்தில் வெறும் புரோட்டான்கள், எலக்ட்ரானே இல்லை. புரோட்டானுக்குப் பதிலாக ஹைட்ரஜன் அணுவின் 1.007825-ஐப் போட்டால் இரண்டு பக்கமும் எலக்ட்ரான்கள் அடிபட்டுப் போய்விடும். போட்டேன், நிறைக் குறைபாடு 0.030377, ஆற்றல் 28.3. எனக்குக் குறைந்த 1.02 என்பது வேறொன்றுமில்லை, இரண்டு எலக்ட்ரான்களின் ஓய்வு ஆற்றல் (நிறைக்கு ஈடான ஆற்றல்), ஆளுக்கு 0.511. அது தெரிந்தபோது, தப்பாகப் போட்டதற்காகக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது.

அன்றிலிருந்து கணக்கைத் தொடுவதற்கு முன், கொடுத்த ஒவ்வொரு எண்ணுக்கும் மேலே அது எதன் எண் என்று பென்சிலால் எழுத ஆரம்பித்தேன். நேரம் பிடிக்கும்தான். ஆனால் பழைய தப்புகளில் பாதிக்குமேல் அங்கேயே மாட்டிக்கொண்டன. நீல்ஸ் போரின் ஹைட்ரஜன் அணு மாதிரிக் கணக்குகளிலும் இதே வியாதிதான் இருந்திருக்கிறது. எலக்ட்ரான் இருக்கும் மூன்றாம் மட்டத்தின் ஆற்றல் −1.51 எலக்ட்ரான் வோல்ட், அது இறங்கும் இரண்டாவதன் ஆற்றல் −3.40. வெளியே வரும் ஃபோட்டானுக்கு (ஒளித்துகளுக்கு) இந்த இரண்டில் எதுவும் சொந்தமில்லை, வித்தியாசமான 1.89 மட்டும்தான். பிளாங்க் மாறிலியையும் ஒளியின் வேகத்தையும் பெருக்கினால் இந்த அலகுகளில் வரும் 1240-ஐ அதனால் வகுத்தால் அலைநீளம் 656 நானோமீட்டர், ஹைட்ரஜன் நிறமாலையில் பாமர் வரிசையின் சிவப்புக் கோடு. இந்த 1240-ஐ மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்வேன். பிளாங்க் மாறிலியை ஜூலில் வைத்துக்கொண்டு பத்தின் அடுக்குகளோடு மல்லுக்கட்டுவது வீண் வேலை.

அரை ஆயுட்காலம், அதாவது கதிரியக்க அணுக்கருக்களில் பாதி சிதைய ஆகும் காலம், மட்டும் எழுத்தில் மண்டையில் ஏறவேயில்லை. ஒரு நாள் ராத்திரி 40 நாணயங்களை டப்பாவில் குலுக்கிக் கொட்டினேன். பூ விழுந்தவை சிதைந்துவிட்டன என்று கணக்கு வைத்து எடுத்துவிட வேண்டும். முதல் குலுக்கலில் 19 மிஞ்சியது, அப்புறம் 10, அப்புறம் 4. ஒவ்வொரு முறையும் சரியாகப் பாதி வராது, எண்ணிக்கை குறையக் குறைய ஏறுமாறு கூடுகிறது. கடைசியாக நின்ற ஒரு நாணயம் அடுத்தடுத்து ஆறு தடவை தலையாகவே விழுந்தது. அத்தனை முறை தப்பித்ததால் அடுத்த தடவை அது பூவாக விழுந்தே தீரும் என்று ஒன்றுமில்லை, அப்போதும் வாய்ப்பு பாதிதான். அணுக்கருவுக்கு வயதாவதில்லை என்று ஆசிரியர் சொன்னது அப்போதுதான் உறைத்தது. அதோடு, மிஞ்சியது எவ்வளவு, சிதைந்தது எவ்வளவு என்ற குழப்பமும் தீர்ந்தது. 8 நாள் அரை ஆயுள் உள்ள அயோடின்-131, 24 நாளில் எட்டில் ஒரு பங்கு மிஞ்சும், எட்டில் ஏழு பங்கு போயிருக்கும். மாதிரித் தேர்வில் நான் எழுதியிருந்தது இதற்கு நேர்மாறு.

1911-இல் ரூதர்ஃபோர்டின் அணுக்கரு, 1913-இல் போரின் அணு மாதிரி, 1932-இல் சாட்விக்கின் நியூட்ரான் என்ற வரலாற்றுப் பகுதியை ஒரே மாலையில் முடித்துவிட்டேன்.

தேர்வில் யுரேனியம்-238 காரீயம்-206 ஆக மாற எத்தனை ஆல்ஃபா, எத்தனை பீட்டா என்று வந்தது. நிறை எண்ணைக் குறைப்பது ஆல்ஃபா மட்டும்தான், அதனால் அதிலிருந்து தொடங்க வேண்டும். 32 குறைகிறது, ஒரு ஆல்ஃபாவுக்கு 4, ஆகவே 8 ஆல்ஃபா. ஆல்ஃபாவுக்கு இரண்டாக அணு எண் 92-லிருந்து 76-க்கு இறங்கிவிடும், பீட்டாவுக்கு ஒன்றாகக் காரீயத்தின் 82-க்கு ஏற்ற 6 பீட்டா. இரண்டே நிமிடம். பிணைப்பாற்றல் கணக்கில் 'அணு நிறை' என்ற சொல்லுக்கு அடிக்கோடு போட்டுவிட்டுத்தான் பேனாவை நகர்த்தினேன்.

கோட்டை விட்டது ஒரு மதிப்பெண் கேள்வியில். ஹைட்ரஜன் வாயு நான்காம் மட்டத்துக்குக் கிளர்த்தப்பட்டால் அதிகபட்சம் எத்தனை நிறமாலைக் கோடுகள்? நான் ஒரே ஒரு எலக்ட்ரானைக் கற்பனை செய்து, படிப்படியாக இறக்கி, 3 என்று எழுதிவிட்டேன். வெளியே வந்ததும் உள்ளங்கையில் நான்கு கோடு கிழித்து அம்புக்குறி போட்டு எண்ணினேன். ஆறு. ஒரே எலக்ட்ரான் இல்லை, எத்தனையோ அணுக்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியில் இறங்கும்; கேள்வியில் 'வாயு' என்று தெளிவாகத்தான் போட்டிருந்தது.