வீட்டு மழைமானி வைப்பவர்களுக்கு

மேலும் கீழும் ஒரே அகலமுள்ள பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்தை வெட்டி, மூடியைக் கழற்றி, அதே பாட்டிலுக்குள் தலைகீழாகச் செருகினால் மழைமானி தயார். அந்தப் புனல் இல்லாவிட்டால் சேர்ந்த நீர் வேகமாக ஆவியாகிவிடும்.

பலரும் தவறுவது அடிப்பாகத்தில்தான். அங்கே வளைவு இருப்பதால், கீழிருந்து ஸ்கேல் வைத்தால் கணக்கு கெடும். கூழாங்கல் போட்டு, கல்லும் வளைவும் மூழ்கும்வரை நீர் ஊற்றி, அந்த மட்டத்தை 0 எனக் குறியுங்கள். தினமும் 0-க்கு மேல் உள்ள அளவைப் படித்து முடித்ததும் நீரை மறுபடி 0-க்குக் கொண்டுவாருங்கள். மழையில்லாத நாளிலும் இது வேண்டும், மட்டம் இறங்கியிருக்கும்.

இடம் இதைவிட முக்கியம். 5 மீட்டர் உயர மரத்திலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி வையுங்கள். மொட்டைமாடி விளிம்பு வேண்டவே வேண்டாம்! அங்கே சுழலும் காற்று துளிகளை அடித்துக்கொண்டு போய்விடும், அளவு குறைந்தே காட்டும்.

1 மில்லிமீட்டர் மழை என்றால் சதுர மீட்டருக்கு 1 லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 1,000 லிட்டர் விழுகிறது.

மழையில்லாத நாளுக்கும் 0 என்று எழுதிவையுங்கள். வெற்றிடமாக விட்டால், மழை இல்லையா, யாரும் பார்க்கவில்லையா என்பது பின்னால் தெரியாது.