மூடியைப் பிடி, பாட்டிலைச் சுத்து

மதுரை திருநகரில் எங்கள் தெருவில் எனக்கு ஒரு புதுப் பெயர் வந்திருக்கிறது: "வண்டிக்கு அடியில படுத்திருந்த டீச்சர்." பதினேழு வருஷமாக பிசிக்ஸ் எடுக்கிறேன், அதை யாரும் பெரிதாகச் சொன்னதில்லை. நாலு நாள் நைட்டிக்கு மேல் அப்பாவின் பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் படுத்ததுதான் ஊருக்குத் தெரிகிறது.

வண்டி அப்பாவுடையது. 2001 மாடல் ஹோண்டா சிட்டி, 1.5. அப்பா போன பிறகு விற்க மனசு வரவில்லை. ஓடியது 1,42,000 கிலோமீட்டர். டைமிங் பெல்ட் கடைசியாக எப்போது மாற்றியது என்று அப்பாவின் டைரியைப் புரட்டினால் பெட்ரோல் கணக்கும் காற்றுப் பிடித்த கணக்கும் இருக்கிறது, பெல்ட் கணக்கு மட்டும் இல்லை. ஆடிப்பெருக்குக்கு ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டி குலதெய்வத்துக்குப் போக வேண்டும். அந்த ஏற்றத்தில் பெல்ட் அறுந்தால் வண்டி நிற்பதோடு போகாது. இந்த எஞ்சினில் வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்துக்கு முறை வைத்து வந்து போகின்றன. அந்த முறையைக் காப்பது இந்த ரப்பர் பட்டைதான். அது அறுந்தால் வால்வைத் திறக்கிற தண்டான கேம் நின்றுவிடும், பிஸ்டன் நிற்காது. திறந்தபடி நின்ற வால்வின் தலையில் போய் முட்டும். அப்புறம் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான். அந்தச் செலவுக்கு வண்டியையே கொடுத்துவிடலாம்.

பட்டறையில் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். கொடுத்தேன். போன வருஷம் ஏதோ சத்தம் என்று ஒரு இடத்தில் விட்டதில், பெல்ட்டை எடுக்கக் கழற்ற வேண்டிய கிராங்க் புல்லி (பிஸ்டன்கள் சுற்றுகிற தண்டின் முனையில் உள்ள சக்கரம்) போல்ட்டை யாரோ பொருந்தாத ரிங் ஸ்பானரைப் போட்டு நெம்பி, அறுகோணத் தலையின் மூலையெல்லாம் வழித்து வைத்துவிட்டார்கள். கழற்ற முடியாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இடது முன்சக்கரத்தைக் கழற்றி எட்டிப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. கோபத்தில் எடுத்த முடிவு, நானே செய்வது என்று.

துணைக்கு சித்தப்பா. பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். இப்போது முட்டிவலி, உட்கார்ந்தால் எழுந்திருக்க இன்னொரு ஆள் வேண்டும். அதனால் நாற்காலி போட்டு உட்கார்ந்து வாயால் மட்டும் வேலை பார்ப்பேன் என்ற ஒப்பந்தத்தில் வந்தார்.

முதல் நாள் காலையில் அவர் சொன்ன முதல் விஷயம் ஜாக்கி. "ஜாக்கியை நம்பி அடியில போகாத தாயி. அது தூக்குறதுக்கு, தாங்குறதுக்கு இல்ல." ஸ்டாண்டு ரெண்டு வாடகைக்கு எடுத்தோம். கழற்றின சக்கரத்தையும் ஸ்டெப்னியையும் வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டோம். ஸ்டாண்டு நழுவினாலும் வண்டி அதன் மேல்தான் உட்காரும். பேட்டரி மைனஸைக் கழற்றினேன். ஆல்டர்னேட்டர் பெல்ட், ஏசி பெல்ட், பவர் ஸ்டியரிங் பெல்ட், மேல் மூடி எல்லாம் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் கழன்றுவிட்டன. எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கியால் எஞ்சினைத் தாங்கி, எஞ்சினை வண்டியோடு பிடித்திருக்கும் இடது பக்க மவுண்டையும் எடுத்தேன். ஆடிக் காற்று வேறு. தெருப் புழுதி பூராவும் திறந்த எஞ்சினுக்குள் வந்து விழப் பார்த்தது. அம்மாவின் பழைய சேலையை நாலாக மடித்து மேலே போர்த்தி, நான்கு முனையிலும் கிளிப் மாட்டினேன்.

அதற்கப்புறம் அந்த போல்ட்.

புல்லி சுற்றாமல் பிடித்தால்தான் போல்ட்டைத் திருப்ப முடியும். ஐந்தாவது கியரில் போட்டு என் மகளை பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். சாக்கெட்டில் மாட்டிய கம்பியை இழுத்தால் எஞ்சின் ரப்பரெல்லாம் வளைந்து கொடுத்து, நான் போட்ட பலத்தைத் தின்றுவிட்டது. அடுத்த தெரு பட்டறையிலிருந்து போல்ட்டை அடித்துத் திருப்புகிற பேட்டரி கன் கடன் வாங்கி அடித்தோம். கடகடவென்று சத்தம் மட்டும் வந்தது. தலையின் மூலை இன்னும் கொஞ்சம் வழிந்தது.

கன்னைத் திருப்பி வாங்க வந்த தம்பி பார்த்துவிட்டுச் சிரித்தான். "டீச்சரக்கா, இதுக்கா இம்புட்டுப் பாடு? சாக்கெட்டை மாட்டுங்க, நீளக் கம்பியைத் தரையில முட்டுக் கொடுங்க, சாவியைப் போட்டு ஸ்டார்ட்டர ஒரு தட்டு தட்டுங்க. படக்குன்னு கழன்டுரும். மாருதியில நான் எத்தனை கழட்டியிருக்கேன்!"

எனக்கு அது பளிச்சென்று பிடித்துவிட்டது. ஸ்டார்ட்டர் மோட்டாரின் பலத்தை நம் பலமாக்கிக் கொள்வது. இதைவிட அழகான பிசிக்ஸ் உண்டா? தீப்பொறி வராமல் கனெக்டரைக் கழற்றிவிட்டு, பேட்டரி மைனஸை மறுபடி மாட்டி, கம்பியை முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மகள் சாவியில் கை வைத்துவிட்டாள்.

சித்தப்பா நாற்காலியில் இருந்தபடியே கேட்டார்: "எஞ்சின் எந்தப் பக்கம் சுத்துது?"

"வலஞ்சுழியாத்தான். எல்லா எஞ்சினும் அப்படித்தானே சித்தப்பா."

"பார்த்தியா?"

பார்க்கவில்லை. கம்பியை எடுத்துவிட்டு, கையைத் தள்ளி வைத்துக்கொண்டு, மகளை அரை நொடி சாவியைத் திருப்பச் சொன்னேன். புல்லி இடஞ்சுழியாகச் சுற்றி நின்றது. மறுபடி சொன்னேன். மறுபடியும் இடஞ்சுழி.

சித்தப்பா பக்கத்தில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார். "மூடியைப் பிடிச்சுக்க. பாட்டிலைச் சுத்து." மேலேயிருந்து பார்க்க பாட்டிலை வலஞ்சுழியாகச் சுற்றினால் மூடி கழன்று வருகிறது. இடஞ்சுழியாகச் சுற்றினால் இறுகுகிறது. மூடிதான் போல்ட், பாட்டில்தான் கிராங்க். மாருதியில் கிராங்க் வலஞ்சுழி. கம்பி போல்ட்டைப் பிடித்துக்கொள்ள, கிராங்க் சுற்றினால் போல்ட் கழலும். இந்த எஞ்சின் தலைகீழ். அன்றைக்குச் சாவியைத் திருப்பியிருந்தால் ஏற்கனவே இறுகிக் கிடந்த போல்ட்டை ஸ்டார்ட்டர் இன்னும் இறுக்கியிருக்கும். இல்லையென்றால் கம்பி எகிறி என் முழங்காலை எடுத்திருக்கும். சார்பு இயக்கம் என்று பதினேழு வருஷமாகப் பிள்ளைகளுக்கு ரயிலையும் பிளாட்பாரத்தையும் சொல்லிக் கொடுத்தவள் நான்.

தம்பி ஒன்றும் சொல்லவில்லை. அவனும் ஒரு பாட்டிலை எடுத்துச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆக, புல்லியைப் பிடிக்க முறையான கருவிதான் வேண்டும். புல்லியின் நடுவில் ஒரு அறுகோணக் குழி இருக்கிறது. ஸ்கேல் வைத்து அளந்தேன், எதிர்ப் பக்கங்களுக்கு நடுவே 50 மில்லிமீட்டர். அதற்கென்று விற்கிற கருவியைத் தேடி அலைய நேரமில்லை. ஆனால் எம்33 நட்டின் (33 மில்லிமீட்டர் போல்ட்டுக்கான நட்டு) வெளி அளவு சரியாக 50 மில்லிமீட்டர். நடுவில் இருக்கிற ஓட்டைக்குள் சாக்கெட்டும் தாராளமாக நுழையும். பழங்காநத்தத்தில் ஒரு லேத் பட்டறையில், ஒரு எம்33 நட்டை மூன்றடி இரும்புப் பட்டையில் ஓட்டை போட்டு வெல்டு வைத்துக் கொடுத்தார்கள். 350 ரூபாய். பட்டறைக்காரர் அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "யாரை அடிக்கப் போறீங்க?" என்றார்.

இரண்டாம் நாள். தலை வழிந்து போனதால் 17 சாக்கெட் வழுக்கிக்கொண்டே இருந்தது. ஆறு மூலை உள்ள 16 சாக்கெட்டை வைத்து, சுத்தியலால் பைய அடித்து இறக்கினோம். பைய என்பது முக்கியம். போல்ட்டில் அடிக்கிற ஒவ்வொரு அடியும் கிராங்குக்கும் போகிறது. நட்டுக் கருவியைக் குழிக்குள் மாட்டி அதன் பட்டையைத் தரையில் முட்டக் கொடுத்தோம். சாக்கெட்டின் நீட்டுக் கம்பி வளையாமல் இருக்க அடியில் ஸ்டாண்டு வைத்தோம். கைப்பிடிக்கு மேல் ஆறடி ஜிஐ தண்ணீர்க் குழாயைச் சொருகினோம். என் எடை 62 கிலோ. சுமார் ஒன்றரை மீட்டர் தள்ளி ஏறி நின்றால் 900 நியூட்டன் மீட்டருக்கு மேல் திருப்பு விசை. இதைப் ப்ளஸ் ஒன் பரீட்சையில் கேட்டால் ரெண்டு மார்க்.

ஒரு காலை ஊன்றினேன், குழாய் வளைந்தது. இன்னொரு காலையும் ஊன்றினேன். தீபாவளிக்கு லட்சுமி வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். சித்தப்பா நாற்காலியோடு பின்னால் போனார். அம்மா சமையல்கட்டிலிருந்து, "எவ மண்டையடி உடைஞ்சது?" என்று ஓடி வந்தாள். கம்பி உடைந்துவிட்டது என்று நினைத்து உட்கார்ந்துவிட்டேன். பார்த்தால் போல்ட் கால் சுற்று திரும்பியிருந்தது. மிச்சத்தைக் கையாலேயே கழற்றினேன். சாக்கெட்டுக்குள் மாட்டிக்கொண்ட போல்ட்டைத் தட்டி எடுக்கத்தான் அரைமணி நேரம்.

பெல்ட்டைப் பார்த்தபோது வயிறு கலங்கியது. பல்லெல்லாம் இருந்தது, ஆனால் முதுகு முழுக்கக் கோடு கோடாக வெடிப்பு. எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் கிராங்க் சீல் கசிந்து ஒரு ஓரம் எண்ணெயில் ஊறிக் கிடந்தது. இந்த எஞ்சினில் வாட்டர் பம்பையும் இதே பெல்ட்தான் சுற்றுகிறது. ஆறு மாதம் கழித்து பம்ப் ஒழுகினால் இத்தனையையும் மறுபடி கழற்ற வேண்டும். அதனால் பம்ப், பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர், கிராங்க் சீல், கேம் சீல் எல்லாம் சேர்த்தே புதுசு. இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

புது போல்ட்டுக்குத்தான் மூன்று நாள். வடக்கு வெளி வீதியில் ஒரு கடையில் பழைய போல்ட்டைக் காட்டினால், தலையில் 8.8 என்று எழுதியிருந்த ஒன்றை எடுத்து நீட்டினார். "இரும்புதானம்மா எல்லாம்." இல்லை. முதல் எட்டு, அந்த இரும்பு 800 மெகாபாஸ்கல் இழுவிசை வரை அறாமல் தாங்கும் என்பது. அடுத்த எட்டு, அதில் எண்பது சதவீதம் தாண்டினால் நிரந்தரமாக நீண்டுவிடும் என்பது. கிராங்க் போல்ட் இறுகிப் பிடித்திருப்பதே ஒரு ஸ்பிரிங் மாதிரி கொஞ்சம் நீண்டு நிற்பதால்தான். நீண்டது நீண்டபடியே போய்விட்டால் பிடி ஏது? போதாததற்கு மரையும் ஒத்துவரவில்லை. சாதாரண போல்ட்டின் மரை பரும்படி, இதன் மரை நெருக்கம். கட்டாயப்படுத்தி ஏற்றினால் கிராங்கின் மரை போய்விடும். போல்ட் போனால் சில நூறு ரூபாய், கிராங்க் போனால் எஞ்சின். வேறொரு கடைக்காரர் சென்னையிலிருந்து வரவழைத்தார். மாட்டுத்தாவணியில் விடிகாலை ஆம்னி பஸ்ஸில் வந்த பார்சலை நானே போய் வாங்கினேன். கையகலப் பொட்டலம்.

"ஆடியில புதுசு வாங்கக் கூடாதுடி" என்றாள் அம்மா. போல்ட்டுக்குமா என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பழசுக்குப் பதிலுக்குன்னா பரவால்ல" என்று விட்டுவிட்டாள்.

பெல்ட் மாட்டுவது பொறுமை வேலை. கேம் புல்லியில் UP என்ற எழுத்து மேலே இருக்க வேண்டும், ரெண்டு கோடும் ஹெட்டின் மேல்மட்டத்துக்கு நேராக நிற்க வேண்டும். கிராங்க் பல்சக்கரத்தின் குறி ஆயில் பம்பில் உள்ள அம்புக்கு நேராக வர வேண்டும். பழைய பெல்ட்டைக் கழற்றும் முன்பே ஒயிட்னரால் எல்லாக் குறியிலும் கோடு போட்டு, போனில் நாலு கோணத்தில் படமும் எடுத்து வைத்திருந்தேன். கிராங்கில் ஆரம்பித்து, டென்ஷனர், பம்ப், கடைசியில் கேம். டென்ஷனர் இல்லாத பக்கம் தொய்வே இருக்கக் கூடாது.

மாட்டினேன். கையால் இடஞ்சுழியாக ஐந்தாறு சுற்று சுற்றி மறுபடி குறிக்குக் கொண்டு வந்தால், கேம் ஒரு பல் தள்ளி நிற்கிறது. கண் ஏமாற்றுகிறது என்று நினைக்கத்தான் ஆசை. சித்தப்பா, "கழட்டு" என்றார், அவ்வளவுதான். மறுபடி மாட்டியதும் சரியாக நின்றது. அப்புறம் டென்ஷனர் போல்ட்டைத் தளர்த்தி, கேமில் மூன்று பல் அளவுக்கு கிராங்கை இடஞ்சுழியாகத் திருப்பி, அந்த நிலையில் முறுக்கினேன். ஸ்பிரிங் தானே பெல்ட்டை வேண்டிய அளவுக்கு இழுத்துக்கொள்ளும். வலஞ்சுழியாக மட்டும் திருப்பிவிடக் கூடாது.

புது போல்ட்டின் மரையிலும் தலைக்கு அடியிலும் ஒரு சொட்டு எஞ்சின் ஆயில். முறுக்கும் அளவைக் காட்டுகிற டார்க் ரெஞ்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்கினேன். அந்த அளவை இங்கே எழுதவில்லை, எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். உங்கள் வண்டிக் கையேட்டைப் பாருங்கள். எம்33 நட்டு இங்கேயும் உதவியது, இந்தத் தடவை பட்டை எதிர்ப்பக்கம் முட்டியது.

போல்ட்டுக்குக் காத்திருந்த நாளைக் கழித்தால் நாலாம் நாள் சாயங்காலம் ஸ்டார்ட் செய்தேன். முதல் தட்டிலேயே பிடித்தது. சித்தப்பா எழுந்து வந்து (மகள் தூக்கிவிட்டாள்) பானட்டில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். "ஏசியைப் போடு" என்றார். போட்டேன். "நிறுத்து. ரேடியேட்டர்ல தண்ணி குறைஞ்சிருக்கும், ஆறினதும் ஊத்து." ராத்திரி வண்டிக்கு அடியில் செய்தித்தாள் விரித்து வைத்தேன். காலையில் பேப்பர் காய்ந்தே இருந்தது.

ஆடிப்பெருக்கு அன்று கணவாயில் மூன்றாவது கியரில் ஏறினோம். பின்சீட்டில் சித்தப்பா தூங்கிவிட்டார். அம்மா மடியில் பொங்கல் பானை.

அந்த எம்33 கருவியை இப்போது கேட்காதீர்கள். பேட்டரி கன் தம்பி வாங்கிப் போனான், அவனிடமிருந்து பழங்காநத்தத்தில் யாரோ வாங்கியிருக்கிறார்களாம்.